பூஜ்யம் வந்தால் உடனே நம்ப வேண்டாம்: சிப் டீபக்கருக்குச் சொந்தமாகக் கமாண்ட் எழுதுவது எப்படி

எஸ்டிஎம்32எஃப்103 சிப் வைத்த ஒரு சின்ன நீல நிறப் போர்டு உண்டு. ப்ளூ பில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் எஸ்டி-லிங்க் டாங்கிளை (கம்ப்யூட்டரின் யுஎஸ்பியையும் சிப்பையும் இணைக்கும் சின்னக் கருவி) மாட்டி, ஓப்பன்ஓசிடியை (அதன் வழியாகச் சிப்புக்குள் எட்டிப்பார்க்க உதவும் டீபக்கர் மென்பொருள்) ஓடவிட்டு, 40011004 என்ற முகவரியைப் படித்தேன். ரீசெட்டுக்குப் பிறகு அங்கே 44444444 இருக்கும் என்கிறது மேனுவல். எனக்கு வந்தது 00000000. வயரை மாற்றினேன், டாங்கிளை மாற்றினேன், கடைசியில் போர்டையே மாற்றினேன். பூஜ்யம் மட்டும் மாறவில்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேனுவலின் வேறொரு மூலையில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரு பெரிஃபெரலுக்கு, அதாவது சிப்புக்குள் இருக்கும் துணைப் பகுதிக்கு, கிளாக் (அதை இயக்கும் துடிப்பு) கொடுக்காத வரை அதன் ரெஜிஸ்டரை (அதை ஆட்டிவைக்கும் சின்ன நினைவிடம்) படித்தால் பூஜ்யம்தான் வருமாம்.

கமாண்டில் ஒரு குறையும் இல்லை. கேட்ட முகவரியைப் படித்தது, வந்ததைக் காட்டியது. ஆனாலும் அது காட்டிய பூஜ்யம் பொய். "அந்த ரெஜிஸ்டரில் பூஜ்யம் இருக்கிறது" என்று நான் படித்துக்கொண்டேன். "அங்கே பதில் சொல்ல ஆளில்லை" என்பதுதான் உண்மை. டீபக்கருக்கு நாம் எழுதும் சொந்தக் கமாண்டுகளுக்கு வேலையே இங்கேதான் இருக்கிறது. சுருக்கமாகத் தட்டுவதற்காக மட்டும் எழுதினால் இந்தப் பொய் இன்னும் வேகமாகத் திரைக்கு வரும், அவ்வளவுதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக, அந்தப் போர்டையே வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். எட்டு இலக்க எண்கள் எல்லாம் பதினாறடிமான எண்கள். முன்னால் போடும் பூஜ்யம்-எக்ஸ் குறியை விட்டிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது போட்டாக வேண்டும்.

முதலில் கூடாரம் போடுவோம்

போர்டின் ஓரத்தில் நான்கு பின் இருக்கும்: 3.3 வோல்ட், எஸ்டபிள்யூ-டிஐஓ, எஸ்டபிள்யூ-கிளாக், கிரவுண்ட். நான்கையும் டாங்கிளோடு இணையுங்கள். ஓப்பன்ஓசிடியை இரண்டு கான்ஃபிக் ஃபைல்களோடு ஓட்ட வேண்டும். ஒன்று டாங்கிளுக்கு, இன்னொன்று சிப்புக்கு. உங்கள் கமாண்டுகள் மூன்றாவதாக ஒரு தனி ஃபைலில் இருக்கட்டும். கூடவே வரும் ஃபைல்களைத் திருத்தாதீர்கள். அடுத்த முறை அப்டேட் செய்யும்போது எல்லாம் போய்விடும்.

ஓப்பன்ஓசிடி எழுந்ததும் மூன்று கதவுகள் (நெட்வொர்க் போர்ட் எண்கள்) திறக்கும். 3333 ஜிடிபி என்ற இன்னொரு டீபக்கருக்கு, 4444 நாம் டெல்நெட்டில் தட்டுவதற்கு, 6666 இன்னொரு புரோகிராம் வந்து பேசுவதற்கு. இந்த மூன்றாவது கதவை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருவோம்.

உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் மொழி ஜிம் டிக்கிள். டிக்கிளை ஜான் ஔஸ்டர்ஹவுட் 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். சர்க்யூட் வடிவமைக்கும் ஒவ்வொரு டூலுக்கும் ஒவ்வொரு அரைகுறைக் கமாண்ட் மொழி இருந்ததைப் பார்த்துச் சலித்து, எந்த டூலுக்குள்ளும் பொருத்திக்கொள்ள ஒரே மொழியாக அதைச் செய்தார். அதனால்தான் பழைய ஆளாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பாந்தமாக இருக்கிறது. முதல் சொல் கமாண்ட், மீதி எல்லாம் அதற்குக் கொடுக்கும் சரங்கள். இலக்கணம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கமாண்டின் பெயராக எந்தச் சரத்தையும் வைக்கலாம், தமிழில் கூட. இந்தக் கட்டுரையில் நாம் எழுதும் கமாண்டுகளுக்குப் புரிவதற்காகத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வோம். டெல்நெட்டில் தமிழ் எழுத்து ஏறாவிட்டால் அதே பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்று. உங்கள் ஃபைலில் ப்ராக் (சொந்தக் கமாண்டை வரையறுக்கும் டிக்கிள் சொல்) எழுதி வைப்பது எப்போது வேண்டுமானாலும் செல்லும். ஆனால் அது மெமரியைத் தொடுவது இனிட் (ஓப்பன்ஓசிடி சிப்போடு இணையும் படி) முடிந்த பிறகுதான் நடக்கும். ஃபைலின் நடுவில் வெறுமனே ஒரு "படி" வரியைப் போட்டுவிட்டு, சிப் செத்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். இணைப்பு இன்னும் உயிர் பெறவில்லை, அதுதான் விஷயம்.

எழுதுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: போர்டில் இருக்கும் எல்இடியை எரிப்பது. அது போர்ட்-சி என்ற பின் தொகுப்பின் 13-ஆம் பின்னில் இருக்கிறது. வெறும் கையால் செய்தால் மூன்று முகவரிகளில் எழுதும் வேலை. 40021018-இல் பிட் 4-ஐ ஏற்றினால் (1 ஆக்கினால்) போர்ட்-சிக்குக் கிளாக் கிடைக்கும். 40011004-இல் இருக்கும் 44444444-ஐ 44244444 ஆக்கினால் 13-ஆம் பின் அவுட்புட்டாகும். அப்புறம் 40011010-இல் 20000000 எழுதினால் பின் கீழே, அதாவது 0 வோல்ட்டுக்கு, போகும். எல்இடி எரியும். ஆமாம், கீழே போனால்தான் எரியும், ஏனென்றால் மறுமுனை 3.3 வோல்ட்டில் இருக்கிறது. அணைக்க வேண்டுமானால் அதே முகவரியில் 00002000.

இப்போது எடிட்டரைத் திறக்காதீர்கள். ஒரு காகிதத்தில், இந்தக் கமாண்டைப் பயன்படுத்தப்போகிறவர் என்ன தட்டுவார் என்று எழுதுங்கள்.

விளக்கு எரி
விளக்கு அணை
விளக்கு

மூன்றாவது வரியில் எதுவும் கொடுக்கவில்லை. அப்போது விளக்கு இப்போது எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். "விளக்கு 0" என்றும் "விளக்கு 1" என்றும் வைத்திருந்தால் என்ன ஆகும்? பின் கீழே போனால் எரியும் என்பதால், 0 என்றால் எரிவதா அணைவதா என்று ஆளுக்கு ஒன்று நினைப்பார்கள். சிப்பின் மொழியில் உள்ள குழப்பம் கமாண்டுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும், தட்டுகிறவரின் விரலுக்கு வரக் கூடாது.

ஓப்பன்ஓசிடியோடு வரும் எம்எம்டபிள்யூ என்ற உதவிக் கமாண்ட் எனக்கு ஒரு பாடம். முகவரி, ஏற்ற வேண்டிய பிட்டுகள், இறக்க வேண்டிய பிட்டுகள் என்று மூன்றைக் கேட்கும். பயனுள்ள கமாண்ட், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பின்னால் வரும் இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரியான எண்கள். இடம் மாறிப்போனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வேறு பிட்டுகள் ஏறும், வேறு பிட்டுகள் இறங்கும். நான் இரண்டு தடவை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு என் கமாண்டுகளில் ஒரே சாயலுள்ள இரண்டு எண்களை அடுத்தடுத்துக் கேட்பதில்லை. நடுவில் "ஏற்று", "இறக்கு" என்று ஒரு சொல்லையும் தட்டச் சொல்கிறேன். நான்கு எழுத்து கூடத்தான், பரவாயில்லை.

காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

மெமரியைப் படிக்க ஓப்பன்ஓசிடியில் இரண்டு வகைக் கமாண்டுகள் இருக்கின்றன. எம்டிடபிள்யூ என்பது முகவரி, முக்காற்புள்ளி, மதிப்புகள் என்று வரிசைகட்டித் திரையில் காட்டும். ரீட்-மெமரி என்பது முகவரி, அகலம், எண்ணிக்கை மூன்றையும் வாங்கிக்கொண்டு மதிப்புகளை ஒரு பட்டியலாகக் கையில் கொடுக்கும். முதலாவது கண்ணுக்கு. இரண்டாவது ஸ்கிரிப்டுக்கு.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, முதலாவதை கேப்சரில் (திரைக்குப் போவதைச் சரமாகப் பிடிக்கும் கமாண்ட்) போட்டு அள்ளி, முக்காற்புள்ளியில் வெட்டி, இரண்டாவது துண்டை எண்ணாக மாற்றுவது. ஓடும். அழகாக வேறு ஓடும். என்றைக்காவது நடுவில் ஒரு எச்சரிக்கை வரி வந்து விழும். அன்றைக்கு அந்த வரியின் ஒரு துண்டு உங்கள் ரெஜிஸ்டர் மதிப்பாகிவிடும். இதுவும் பொய்தான்.

எனவே உங்கள் கமாண்டை இரண்டாகப் பிரியுங்கள். உள்ளே ஒன்று, எதையும் அச்சிடாமல் மதிப்பை மட்டும் திருப்பித் தருவது. வெளியே ஒன்று, அதை அழைத்து மனிதருக்குப் புரியும்படி காட்டுவது. 6666 கதவு வழியாக உங்கள் பைத்தான் புரோகிராம் வந்து பேசும்போது உள்ளே இருப்பதைத்தான் அழைக்க வேண்டும். அந்தக் கதவில் ஒவ்வொரு கமாண்டும் 26 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டோடு முடிய வேண்டும். பதிலும் அதே பைட்டோடுதான் முடியும். புதுவரிக் குறியோடு நிறுத்திவிட்டால் அந்தப் பக்கம் பேசாமல் காத்துக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம் நீங்களும் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

தொட்டால் மாறுவது எது?

மென்பொருளில் மட்டும் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வன்பொருளில் படிப்பது என்பதே ஒரு செயல். எட்டிப்பார்த்தாலே பொருள் கலையும்.

இதே சிப்பில் முதல் சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 40013800-இல் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர், அடுத்த வார்த்தையான (ஒரு வார்த்தை என்பது 32 பிட்) 40013804-இல் டேட்டா ரெஜிஸ்டர். டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால் வந்து காத்திருக்கும் எழுத்து எடுக்கப்பட்டதாக ஆகிவிடும். "எழுத்து வந்திருக்கிறது" என்று சொல்லும் பிட் 5 இறங்கிவிடும். அதோடு முடியவில்லை. ஸ்டேட்டஸைப் படித்து, உடனே டேட்டாவைப் படித்தால், ஓவர்ரன் (முந்தைய எழுத்தை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது) போன்ற பிழைப் பிட்டுகளும் சேர்ந்து இறங்கும். அந்த வரிசைதான் அவற்றை அழிப்பதற்கென்றே வைத்த வழி.

இப்போது ஒருவர் ஆசையாக "சீரியல்" என்று ஒரு கமாண்ட் எழுதுகிறார். 40013800-இலிருந்து ஏழு வார்த்தைகளை வரிசையாகப் படித்துக் காட்டும். ஏழு ரெஜிஸ்டர்களும் வந்துவிட்டன, திருப்தி. முதல் தடவை ஓட்டினால் ஓவர்ரன் பிட் ஏறியிருக்கிறது. "அட, பார்த்துவிட்டேனே" என்று நண்பரைக் கூப்பிட்டுக் காட்ட இரண்டாம் தடவை ஓட்டினால் அது இல்லை. கமாண்டே சாட்சியைக் கலைத்துவிட்டது. சிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு வர வேண்டிய ஒரு எழுத்தும் காணாமல் போயிருக்கும். அதைத் தேட இன்னொரு ராத்திரி.

இதற்கு நான் செய்வது: மேனுவலில் ஒவ்வொரு ரெஜிஸ்டரின் பிட்டுகளுக்குக் கீழேயும் இருக்கும் குறிப்புகளைப் படித்து, "படித்தால் மாறும்" ரெஜிஸ்டர்களைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். பொதுவான கமாண்ட் அவற்றைத் தாண்டிப் போகும். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக "படிக்கவில்லை" என்று காட்டும். கட்டாயம் வேண்டுமென்றால் "சீரியல் டேட்டா எடு" என்று தனியாகத் தட்ட வேண்டும். "பார்" என்பதற்கும் "எடு" என்பதற்கும் தமிழில் உள்ள வித்தியாசம் இங்கே அப்படியே உதவுகிறது.

எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும். படித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதும் முறையில் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் சிப்பில் ஓடும் புரோகிராம் அதே ரெஜிஸ்டரை மாற்றினால், நீங்கள் பழைய மதிப்பைத் திரும்ப எழுதி அதைக் கெடுப்பீர்கள். எல்இடிக்கு 40011010-ஐப் பயன்படுத்தியது அதனால்தான். அங்கே எழுதும் பிட்டுகள் மட்டும் மாறும், மற்ற பின்கள் அசையாது.

நிறுத்தாமல் கேளுங்கள்

நம் சிப்பும் சேர்ந்த கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளில் கோர் (புரோகிராமை ஓட்டும் மையப் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரியைப் படிக்கலாம். நிறுத்த வேண்டியது கோரின் சொந்த ரெஜிஸ்டர்களைப் பார்க்கத்தான். இது தெரியாமல் ஒவ்வொரு கமாண்டையும் ஹால்ட்டில் (கோரை நிறுத்துவது) ஆரம்பித்து ரெஸ்யூமில் (மறுபடி ஓடவிடுவது) முடிக்கிறவர்கள் நிறைய. நானும் செய்தேன், ஒரு மோட்டார் டிரைவரில். இந்தக் குடும்பத்துச் சிப்பில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் கோர் நின்றாலும் டைமர்கள் நிற்காது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் லூப் நின்றுவிட்டது, மோட்டாருக்குப் போகும் பல்ஸ் கடைசியாக இருந்த அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. எண்ணைப் பார்க்கத்தான் நினைத்தேன். டிரான்சிஸ்டர் வாசனை வந்தது.

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், முன்பு ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்ததும் அந்த நிலைக்கே கொண்டுபோங்கள். நடுவில் பிழை வந்தாலும் சரி. அதற்குத்தான் டிக்கிளில் பிழையைப் பிடிக்கும் கேட்ச்: வேலையை அதற்குள் வைத்து, வெளியே வந்ததும் நிலையைச் சரிசெய்து, பிழையை அப்புறம் மேலே அனுப்புங்கள். பிழையை முழுங்கிவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பித் தரும் கமாண்டைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

காத்திருப்புக்கும் கணக்கு வேண்டும். 40021000-இல் பிட் 16-ஐ ஏற்றினால் வெளிக் கிரிஸ்டல் ஓட ஆரம்பிக்கும். ஓடி நிலைத்ததும் பிட் 17 தானாக ஏறும். "பிட் 17 ஏறும் வரை சுற்று" என்று லூப் எழுதுவது எளிது. கிரிஸ்டலின் ஒரு கால் சரியாகச் சால்டர் ஆகவில்லை என்றால் அந்த லூப் விடியும் வரை சுற்றும். "இத்தனை முறை சுற்று" என்று எண்ணிக்கை வைத்தாலும் போதாது, ஏனென்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பது டாங்கிளையும் யுஎஸ்பியையும் பொறுத்தது. மில்லிசெகண்டில் வையுங்கள்: 200 மில்லிசெகண்ட், அதற்குள் வராவிட்டால் பிழை.

பிழைச் செய்தி எப்படி இருக்க வேண்டும்?

இந்த நீலப் போர்டுகளில் நகல் சிப் வைத்தவை ஏராளமாகச் சந்தையில் இருக்கின்றன. அப்படி ஒன்றை மாட்டினால் ஓப்பன்ஓசிடி ஐடி பொருந்தவில்லை என்று நிற்கும். எதிர்பார்த்தது 1 என்று தொடங்கும் எண், கிடைத்தது 2 என்று தொடங்கும் எண், மீதி ஏழு இலக்கமும் ஒன்றே. இரண்டு எண்களையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதால்தான் "ஓ, நகலா" என்று ஒரு நொடியில் புரிகிறது. வெறுமனே "இணைப்பு தோல்வி" என்று சொல்லியிருந்தால் நான் மறுபடியும் வயரை மாற்றிக்கொண்டிருப்பேன்.

நம் விளக்குக் கமாண்டும் அப்படிப் பேசட்டும். முதலில் 40021018-இல் பிட் 4-ஐப் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் மேலே போகாமல் இப்படி நிற்க வேண்டும்:

விளக்கு: போர்ட்-சிக்குக் கிளாக் இல்லை. 40021018-இல் பிட் 4 எதிர்பார்த்தது 1, இருப்பது 0. முதலில் "கிளாக் சி கொடு" என்று தட்டவும்.

கமாண்டே சத்தமில்லாமல் கிளாக்கைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எல்இடிக்குச் சரி. ஆனால் உங்கள் புரோகிராம் கிளாக் கொடுக்க மறந்ததுதான் நீங்கள் தேடும் பிழை என்றால், கமாண்ட் அதைச் சரிசெய்து பிழையையே ஒளித்துவிடும். டீபக் கமாண்ட் உபகாரம் செய்யக் கூடாது என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் உண்டு.

ஃபிளாஷை (புரோகிராம் தங்கும் மெமரியை) அழிப்பது, அதைப் படிக்க விடாத லாக்கை எடுப்பது போன்ற கமாண்டுகள் வேறு ஜாதி. இந்தச் சிப்பில் படிப்புத் தடையை நீக்கினால் ஃபிளாஷ் முழுவதும் அழிந்துபோகும். அப்படிப்பட்டதற்குச் சின்னப் பெயர் வைக்காதீர்கள், டேப் அடித்தால் தானாக வந்து நிற்கும் பெயர் வேண்டவே வேண்டாம். சிப்பின் ஐடியின் கடைசி நான்கு இலக்கத்தைத் தட்டச் சொல்லி நான் கேட்பேன் என்றால் சிரிப்பீர்கள், அதுவும் வேலைக்கு ஆகாது. ஒரே வகைச் சிப்புகளுக்கெல்லாம் அது ஒன்றேதான். "எல்லாவற்றையும்-அழி" என்று முழுதாகத் தட்ட வைப்பதே போதும்.

இன்னும் கீழே இறங்குகிறவர்களுக்கு

டாங்கிளுக்கான ஃபர்ம்வேரையே எழுதுகிறீர்கள் என்றால் பொய்கள் இன்னும் நுட்பமானவை. கார்டெக்ஸ்-எம்மை வடிவமைத்த ஆர்ம் நிறுவனத்தின் டீபக் இணைப்பில் மெமரியைப் படிக்கும் போர்ட்டில், நீங்கள் கேட்ட மதிப்பு அந்தச் சுற்றில் வராது, அடுத்த சுற்றில்தான் வரும். முதலில் வருவதை எடுத்தால் அது போன கேள்விக்கான பதில். எல்லா எண்களும் ஒரு இடம் தள்ளியிருக்கும், ஆனால் எல்லாம் நிஜமான எண்களாக இருப்பதால் சந்தேகமே வராது.

முகவரி தானாகக் கூடும் வசதியும் அப்படித்தான். அதன் கீழ் 10 பிட்டுகளுக்கு மட்டுமே உத்தரவாதம். 1024 பைட் எல்லையைத் தாண்டும்போது முகவரியை நீங்களே மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் சில சிப்புகளில் அதே தொகுதியின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து, படித்ததையே மறுபடி படித்துக் கொடுக்கும். இல்லாத முகவரியைத் தொட்டால் ஏறும் பிழைப் பிட்டும் தானாக இறங்காது; நீங்கள் இறக்கும் வரை அடுத்தடுத்த நல்ல கேள்விகளும் தோற்கும்.

ஒப்படைப்பதற்கு முன்

ஒவ்வொரு கமாண்டுக்கும் உதவி வரியையும் பயன்பாட்டு வரியையும் சேர்க்க ஓப்பன்ஓசிடியிலேயே வழி இருக்கிறது. அந்த இடத்தில் "விளக்கைக் கட்டுப்படுத்தும்" என்று எழுதாதீர்கள், அது பெயரிலேயே தெரிகிறது. எதைத் தொடும், எதை மாற்றும், கோரை நிறுத்துமா என்று எழுதுங்கள்.

பெயரை மாற்ற வேண்டி வந்தால் பழையதை உடனே தூக்கி எறியாதீர்கள். ஓப்பன்ஓசிடியில் டாங்கிளின் வேகத்தை வைக்கும் கமாண்டுக்குப் பெயர் மாறியபோது, பழைய பெயரும் ஓடியது. கூடவே புதிய பெயரைச் சொல்லி ஒரு எச்சரிக்கை வரியும் வந்தது. யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் எங்கேயோ ஒரு டெஸ்ட் பெஞ்சில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு கெடுத்துப் பாருங்கள். போர்டின் பவரை எடுத்துவிட்டு விளக்குக் கமாண்டைத் தட்டுங்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். கிளாக் கொடுக்காமல் தட்டுங்கள். "விளக்கு எறி" என்று எழுத்துப் பிழையோடு தட்டுங்கள். கடைசியாக, கிரிஸ்டலுக்காக லூப் காத்திருக்கும்போது எஸ்டபிள்யூ-கிளாக் வயரைப் பிடுங்குங்கள். 200 மில்லிசெகண்டுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், வயரை மறுபடி செருகி, எதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் அதே கமாண்டை இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். என் முதல் பத்துக் கமாண்டுகளில் ஏழு இந்த இடத்தில்தான் விழுந்தன.